மேரு இல்லாத மாலை

கங்காதரனுக்கு மந்திரோபதேசம் ஆனதிலிருந்து வீட்டில் யாருக்கும் பதில் கிடைப்பதில்லை. மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவருக்கு ஒரு சாமியார் நூற்றெட்டு மணி ருத்திராட்ச மாலையும் ஒரு கட்டளையும் கொடுத்திருந்தார். ஜபத்தை ஆரம்பித்தால், மாலையின் தலைமணியான மேரு விரலில் தட்டுப்படும்வரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அதுவரை ஜபித்ததெல்லாம் பாழ். லட்சம் ஜபத்துக்கு இன்னும் நாலாயிரம்தான் பாக்கி.

சாமியார் காட்டியது மோட்சத்துக்கு வழி. கங்காதரன் அதில் கண்டுபிடித்தது மகளிடமிருந்து தப்பிக்க வழி.

மகள் சூடாமணி இன்டர்மீடியட் தேறியிருந்தாள். பி.ஏ. சேரும் விண்ணப்பப் பாரத்தில் தகப்பன் கைநாட்டு வேண்டும். இரண்டு வாரமாக அவள் பாரத்தை நீட்டும்போதெல்லாம் அவர் வலது கையை ஜபப்பைக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மேரு வந்ததும் கொல்லைப்புறமாகக் கடைக்கு ஓட்டம். மாட்டேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவாவது ஒரு ஆண்பிள்ளைக்குத் துணிச்சல் வேண்டாமா?

கடைசி நாளும் வந்தது. நாலு மணிக்குக் காலேஜ் ஆபீஸைச் சாத்திவிடுவார்கள். அவர் குளிக்கப் போன நேரத்தில் சூடாமணி மேருவை மட்டும் கழற்றி, நூலை முடிந்து, மாலையைப் பைக்குள் போட்டுவைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் பாரத்தை நீட்டினாள். கை பைக்குள் போனது.

மணி ஒன்று. ஒன்றரை. விரல் மேருவைத் தேடும், கிடைக்காமல் மேலே நகரும். நெற்றியெல்லாம் வேர்வை. மூக்கு பொடிக்குத் துடித்தது.

“இன்னாடி, உங்க நைனா இன்னிக்கே லட்சத்தையும் முடிச்சுடுவாரு போல கீது” என்றாள் அம்மா கெங்கம்மா.

கைநாட்டுக்குச் சாட்சி வேண்டுமென்று எதிர்வீட்டுத் தையற்காரர் ஷரீஃபைக் கூட்டிவந்தாள் சூடாமணி. உள்ளங்கையைத் திறந்து மணியைக் காட்டினாள்.

“வாய் தொறக்க வேணாம் நைனா. இடது கை சும்மாதானே கீது. பெருவிரலைக் குடு, மேருவைத் தரேன்.”

கங்காதரனின் கண் முழுசாகத் திறந்தது. வாய் திறக்கவில்லை. தொண்ணூற்றாறாயிரம் ஜபம் அதைப் பொத்திக்கொண்டிருந்தது.

ஷரீஃப் சிரித்துவிட்டார். “எங்க தஸ்பீ மாலையிலயும் தலைமணி உண்டும்மா. அதை ஒளிச்சா நானும் இப்படித்தான் சுத்திக்கினு இருப்பேன். ஆனா ஆளை மடக்கி வாங்குற கைநாட்டுக்கு நான் சாட்சி போட மாட்டேன். மணியைக் குடுத்துடு.”

“குடுத்தா ஓடிடுவாரு பாய்.”

“ஓடட்டும். எம்முன்னால ஓடட்டும்.”

சூடாமணி பல்லைக் கடித்துக்கொண்டு மணியைப் பைக்குள் போட்டாள்.

விரல் மேருவைத் தொட்டது. இனி பேசலாம். மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். உதடு அசைந்தது. மகளைப் பார்த்தார், ஷரீஃபைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு அடுத்த சுற்றை ஆரம்பித்துவிட்டார்.

“பாத்தீங்களா பாய், இந்த மனுசனை” என்று சூடாமணி கத்த ஆரம்பித்தாள். கெங்கம்மா அவள் விலாவில் இடித்தாள்.

“கொஞ்சம் கீழ பாருடி.”

அவர் இடது கை முழங்காலைத் தாண்டி நீண்டிருந்தது, பெருவிரல் தனியாக நிமிர்ந்து.

சூடாமணி மை தடவினாள், வேண்டியதற்கு மேலேயே.