குரல் மாதிரிகள்

சவப்பெட்டியின் ஓரம் நழுவிய மாலையை ஜெனிஷா சரிசெய்துகொண்டிருந்தபோது அம்மா லூசியம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"மூடறதுக்கு முன்னாடி அவரு கொரல ஒரு வாட்டி கேக்கணும்டி. எங்கனா இருக்கும், பாரு."

போனில் இல்லை. அப்பா இருதயசாமி சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாருக்கும் குரல்பதிவு அனுப்பிப் பழகாதவர். தொண்டைப் புற்றுக்காகக் குரல்வளையை எடுத்த பிறகு கைஜாடைதான். அண்ணன் லியோவின் கல்யாண வீடியோவில் அவர் வாய் அசைகிறது. மேலே பாட்டு ஓடுகிறது.

"பூசைக்கு நேரமாவுது. இப்பப் போயி போன நோண்டிக்கினு," என்றான் லியோ.

"நீ வண்டி வந்துச்சான்னு பாருண்ணா."

ஆபரேஷனுக்கு முன்பு மருத்துவமனையில் ஒரு பெண் மைக் வைத்து அப்பாவை வாசிக்கச் சொன்னது ஜெனிஷாவுக்கு நினைவிருந்தது. பேச்சுக் கோளாறு பற்றிய ஆய்வு. பெயர் போட மாட்டோம், குரலை மட்டும் இணையத்தில் வைப்போம், எந்த நாட்டு ஆய்வாளரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் விளக்கியதும் அப்பா கையெழுத்துப் போட்டார். ஜெனிஷா பக்கத்தில்தான் இருந்தாள்.

அவள் புள்ளியியலில் ஆய்வு செய்கிறவள். யாரோ சேகரித்து வைத்த தரவுகளை இப்படிப்பட்ட தளங்களிலிருந்து இறக்கித்தான் அவள் வேலையே நடக்கிறது. அடுக்களைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள். மருத்துவமனையின் பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. பெயரை எடுத்துவிட்டு மொழி, நோய், ஒலிப்பதிவு என்று தேடினாள். தரவுக் களஞ்சியம் ஒன்றில் கிடைத்தது. இறக்குவதற்கு முன் ஒரு நிபந்தனை: குரலுக்கு உரியவர்களை அடையாளம் காண முயல மாட்டேன். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சம்மதம் என்ற கட்டத்தில் குறியிட்டாள்.

எதிர் குவார்ட்டர்ஸ் செவ்வந்தி அக்காவின் வைஃபையில் கோப்பு மெதுவாக இறங்கியது. ஆண், அறுபதைத் தாண்டியவர், கடலூர் மாவட்டம், அறுவைக்கு முன் என்று வடிகட்டியதும் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

லேப்டாப்பைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

கரகரத்த குரல் ஒன்று வாசித்தது. "ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. அம்மா கடைக்குப் போனாள்."

"இது அவரில்ல," என்றாள் லூசியம்மாள்.

ஜெனிஷா நிறுத்தப் போனாள்.

"இரு. அவரு பேசிக்கினு இருக்காருல்ல."

அந்த மனிதர் எல்லா வாக்கியங்களையும் வாசித்து முடித்தார்.

"இவரு உசுரோட இருக்காரா?"

"தெரியாதும்மா. பேரு போட மாட்டாங்க."

அடுத்ததைத் தட்டினாள். அதே வாக்கியங்கள். முதல் சொல்லிலேயே லூசியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வாசித்து முடிந்ததும் பதிவிலிருந்த பெண் கேட்டாள்: "நேத்து என்ன செஞ்சீங்க, சொல்லுங்க சார்."

"நேத்துங்களா... மார்க்கெட்டு போனேங்க. மீன் வாங்கியாந்தேன்." மூச்சு வாங்கினார். "வூட்ல திட்டனாங்க."

"ஏன் சார்?"

"நல்ல மீனுதாங்க."

"கெட்டுப்போன மீன்டி அது," என்றாள் லூசியம்மாள். "நாறுச்சு. நானு கொல்லையில பொதச்சேன்."

"இன்னும் கொஞ்சம் பேசுங்க சார்."

"வேற என்னங்க பேசறது... போதுங்களா?"

பதிவு முடிந்தது. "இன்னொரு வாட்டி போடவாம்மா?" என்று கேட்டாள் ஜெனிஷா. லூசியம்மாள் தலையசைத்து மறுத்தாள்.

லியோ வாசலில் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் மூடியைத் தூக்க வந்தவர்கள். எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றிருந்தார்கள்.

"அம்மா," என்றான் லியோ.

லூசியம்மாள் லேப்டாப்பை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். ஆபரேஷனில் கழுத்தில் போட்ட துளைக்காக இருதயசாமி எப்போதும் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்தே விட்டிருப்பார். அவள் குனிந்து மாலையை விலக்கி, காலரை இழுத்து நேராக்கி, அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.