வட்டம் விழாத தட்டு

...அப்படியானால் எதுவுமே அதைத் தொடவில்லை, எல்சி கைப்பேசியில் அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள், பூனை டாக்டர் ஷாஹினா அனுப்பியது, அவளுடைய பூனை மாளுவின் மூத்திரத்திலிருந்த கிருமியை வளர்த்த தட்டு, அதில் மருந்து தோய்த்த சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டையும் சுற்றிக் கிருமி செத்து ஒரு வெற்று வட்டம் விழுந்திருக்க வேண்டும், விழவில்லை, மழைக்காலத்து வெட்டுக்கல் மதிலில் பாசி ஏறுவதுபோலப் பொட்டின் விளிம்புவரை வந்து உரசிக்கொண்டு நின்றது. ஒன்றே ஒன்றைச் சுற்றி மட்டும் வட்டம். அதன் பெயரை அவள் படிக்கத் தேவையில்லை, மெரோபெனம், ரியாத் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பாதி ஆயுள் நர்ஸாக இருந்து அவள் கையால் கரைத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றியது, மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு எடுப்பது, அதற்குமேல் எடுக்க அலமாரியில் பெரிதாக ஒன்றும் இருக்காது... அதுவா, இங்கேயா, மத்தி மீன் தலைக்குச் சண்டை போடும், மூன்று கிலோகூட இல்லாத இந்த உடம்புக்குள்ளா?

மாளு ரப்பர் விரிப்பில் ஒருக்களித்துக் கிடந்தது, தென்னை மட்டை முதுகில் விழுந்ததிலிருந்து பின்னங்கால்கள் வெறுமனே கூட வருகின்றன, மூத்திரமும் தானாக இறங்காது, வேளாவேளைக்கு எல்சிதான் வயிற்றைப் பிடித்து அமுக்கி எடுக்க வேண்டும். இனிமேல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார், போட்டுப் பார்த்தாள், ரப்பருக்குள் விரல்கள் ஊமையாகிவிட்டன, எது குடல், எது மூத்திரப்பை, ஒன்றும் தெரியவில்லை, கழற்றிப் போட்டாள், இதோ, எலுமிச்சம்பழம் போல, வெதுவெதுப்பாக, வழுக்கிக்கொண்டு... கணவர் பவுலேட்டன் சமையலறை வாசலில் வந்து நின்றார். "எடீ, என் பிரஷர் மாத்திரை எங்கேன்னு மூணு தடவை கேட்டாச்சு. வீட்டுல பூனைக்கு மட்டும்தான் ஐ.சி.யூ.வா?" "உங்க முதுகுலயும் ஒரு மட்டை விழட்டும், அட்மிஷன் போடறேன்." கணவர் சிரித்துக்கொண்டே மாத்திரையைத் தேடப் போனார், மூத்திரம் கிண்ணத்தில் விழுந்தது, கலங்கல், அந்த நாற்றம், முன்பு இரண்டு தடவை ரத்தமும் காய்ச்சலுமாக வந்தபோது மாத்திரை கொடுத்தாள், அடங்கியது, அடங்கியதா, கிருமி பதுங்கியிருந்து மருந்தைப் படித்துக்கொண்டிருந்ததா?

காலையில் டாக்டர் போனில் கேட்டதெல்லாம் காதிலேயே இருக்கிறது. "காய்ச்சல் இருக்கா சேச்சி?" இல்லை. "சாப்பிடுதா?" என் பங்கு மீனையும் சேர்த்து. "ரத்தம்?" இல்லை. "அப்புறம் நாம யாருக்கு வைத்தியம் பாக்கறோம், மாளுவுக்கா, ரிப்போர்ட்டுக்கா? இப்ப அது சும்மா குடியிருக்கு, நாம சீண்டாம இருப்போம். மருந்தே வராத இடத்துல அதுக்கு மருந்தை எதிர்க்கற இந்த பலமெல்லாம் சுமைதான், சிலசமயம் சாதுவான கிருமி வந்து அதைத் தள்ளிவிட்டுடும்." சிலசமயம்தானே, தள்ளாவிட்டால்? சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால்? இடுப்புக்குக் கீழே வலி தெரியாத பூனை, எரிகிறது என்று அதற்கே தெரியாமல்... ரியாத்தில் நாலாம் படுக்கைக் கிழவரின் நினைவு வந்தது, மகன் தினமும் பேரீச்சம்பழம் கொண்டுவந்து நர்சுகளுக்குப் பங்கு வைப்பான், அவருடைய தட்டில் மெரோபெனத்தைச் சுற்றியும் வட்டம் விழவில்லை, அன்றும் இதே பாசி. இந்தக் கிருமிக்குக் கண் கிடையாது, மூளை கிடையாது, நாம் சோறு வடிக்கும் நேரத்துக்குள் இரண்டாகிவிடும், தப்பிக்கிற வித்தையைப் பக்கத்தில் இருப்பதைத் தொட்டே கொடுத்துவிடும், தன் இனமாகக்கூட இருக்க வேண்டாம், யாரிடம் கற்றது இத்தனையும்? ரியாத்திலிருந்து நான் பெட்டி கட்டிக்கொண்டு வந்தபோது என் குடலுக்குள் இதுவும் சத்தமில்லாமல் விமானம் ஏறியதா, என் விரல் வழியாக மாளுவுக்குப் போனதா, மாளுவிடமிருந்து எனக்கு வந்ததா, எப்படியோ இந்தக் கைக்கும் இந்த வயிற்றுக்கும் நடுவில் அதற்குத் தாண்ட ஒரு வாசற்படிகூட இல்லை... பயம் வரவேண்டிய இடத்தில், குர்பானைப் பூசையில் எல்லோரும் மண்டியிட்டதும் கோயிலில் இறங்குமே ஓர் அமைதி, அது வந்தது.

கேட்டில் ஸ்கூட்டர் ஹார்ன். மெர்சி, கூட வேலை பார்த்தவள், இப்போது டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில். அங்கே இறந்துபோன ஒருவருக்காக வீட்டார் வாங்கி, விட்டுப்போன மெரோபெனம் குப்பிகள் மூன்று அவள் கைப்பையில், நேற்று எல்சிதான் கேட்டிருந்தாள், கெஞ்சினாள் என்றே சொல்லலாம். தோலுக்கடியில் ஊசி போட எல்சிக்கா தெரியாது?

"சீக்கிரம் வாங்கு, தூக்கம் கண்ணைக் கட்டுது."

"வேண்டாம் மெர்சி."

"என்ன வேண்டாம்? நேத்து அந்த அழுகை அழுதே?"

"காய்ச்சல் வரட்டும், அப்ப பாக்கலாம்."

"வர்ற அன்னிக்கு என்கிட்ட இருக்காதுடீ. செத்துப்போச்சுன்னு போன் பண்ணி என் தூக்கத்தைக் கெடுக்காதே."

"தெரியும்."

ஸ்கூட்டர் போன பிறகும் அந்தத் 'தெரியும்' வாயிலேயே இருந்தது, என்ன தெரியும் எனக்கு? அந்தக் கடைசி வட்டத்தையும் கிருமி படித்துவிடாமல் யாருக்காக எடுத்து வைத்திருக்கிறேன், நாளைய மாளுவுக்கா, இன்னும் நோயே வராத, முகம் தெரியாத எவருக்கோவா, அந்த எவருக்காகவோ இந்த மாளுவை... உள்ளே வந்து விரிப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள், மாளு முன்னங்காலை நக்கி முகம் துடைத்துவிட்டு அவள் முழங்காலில் தாடையை வைத்தது, அடிவயிற்றில் கையை வைத்தாள், அமுக்கவில்லை, சும்மா வைத்தாள், அதன் குர்குர் சத்தத்தின் அதிர்வு அதுவரை வந்தது, அதற்குள்ளே அந்தக் கிருமிகள் இந்நேரம் இன்னொரு மடங்கு ஆகியிருக்கும், யார்மீதும் கோபம் இல்லாமல். இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியின் பக்கத்தில் இப்படி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்ததில்லை, இது காவலா, கைவிட்டுவிடுவதா, வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரேமாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது, உள்ளிருந்து பார்த்தாலும்...