உப்பு இறங்கிய தொட்டி

வங்காளத்தின் கார்டன் ரீச்சில் இருந்த ஹல்தாரின் சாயப்பட்டறைக்கு, உப்புத்தண்ணீரை இனிக் கால்வாயில் விடக்கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. அந்த உப்பைப் பிரித்தெடுத்து துணியில் சாயம் பிடிக்க மறுபடியும் பயன்படுத்தலாம் என்று அவருக்கு நம்பிக்கை கொடுத்தவள் கெமிக்கல் எஞ்சினியர் சத்யப்ரியா. வயரிங் வேலைக்குத் தங்கை சஹானாவைக் கூட்டி வந்திருந்தாள்.

இயந்திரம் பெரியதில்லை. அடுக்கி வைத்த சவ்வுத் தாள்களின் வழியே மின்சாரம் பாயும்போது உப்பு ஒரு தொட்டியில் போய்ச் சேரும். இன்னொரு தொட்டியில் நல்ல தண்ணீர் மிஞ்சும். சாயத்தை வடிகட்டிய பட்டறைத் தண்ணீரை இரண்டு தொட்டியிலும் நிரப்பினார்கள். சஹானா ஸ்விட்சைப் போட்டாள்.

நல்ல தண்ணீர்த் தொட்டியின் மீட்டரில் எண் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

"அக்கா, உப்பு ஏறிண்டே போறது!"

சத்யா மீட்டரிடம் குனிந்தாள். சவ்வு கிழிந்துவிட்டதா? கப்பலில் வந்து கிடர்பூர் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு. மாற்றுக்கு ஒரு தாள்கூட இல்லை. பட்டறையை மூடமாட்டேன் என்று ஆட்களிடம் சொல்லியிருந்த ஹல்தாரும் மீட்டரை எட்டிப் பார்த்தார்.

"நிறுத்திடட்டுமா?" சஹானா ஸ்விட்சில் கை வைத்தாள்.

"இரு, இரு. கிழிஞ்சிருந்தா ரெண்டும் கலந்து ஒரே மாதிரின்னா இருக்கணும்? இது மட்டும் எப்படி ஏறும்?"

யாரும் பார்க்காமல் விட்ட உப்புத் தொட்டியிடம் சத்யா ஓடினாள். அங்கே எண் சரசரவென்று குறைந்துகொண்டிருந்தது.

"சஹி, இங்க இறங்கறதுடீ!"

சஹானா குனிந்து வயர்களைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். "ஏ மா! பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் குடுத்துட்டேன்க்கா."

சத்யா கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "போடீ. சவ்வு நன்னா இருக்கே, அது போறும் நேக்கு."

வயரை மாற்றி, தொட்டிகளைப் புதிதாக நிரப்பி மறுபடி ஓட்டினார்கள். இந்த முறை எல்லாம் சரியாக நடந்தது. சேர்ந்த உப்புக்கரைசலில் நீலச் சாயத்தைக் கலந்து, ஹல்தாரே ஒரு துண்டுத் துணியை முக்கினார். அலசிய பிறகும் நீலம் விடாமல் பிடித்திருந்தது. துணியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"நாளைக்கும் வேலை உண்டு, எல்லாரும் வந்துடுங்க!" என்று வங்காள மொழியில் உள்ளே பார்த்துக் கத்தினார். பிறகு சகோதரிகளிடம் திரும்பி, "தீதி, ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது சத்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சூடான கச்சூரிப் பொட்டலம் வந்ததும் இருவரும் கையைக் கழுவிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.