நனையாத பதினெட்டு மூட்டை

2024 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலையில் சிடோ புயல் மொசாம்பிக் நாட்டின் வடபகுதியில், மெகூஃபி மாவட்டத்தில் கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய நாள் அதே புயல் பிரான்சுக்குச் சொந்தமான மயோட் தீவைத் தாக்கியிருந்தது.

மெகூஃபியில் பள்ளி ஆசிரியராக இருக்கும் அமீஸே அன்று மயிலாப்பூரில் இருந்தார். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் நூர் முஹம்மதுவின் வீட்டு மாடியில், வெளியூர் நோயாளிகளுக்கு விடும் நான்கு அறைகளில் ஒன்றில் தங்கியிருந்தார். ஏழு வயது மகள் மரியாமுவுக்கு இதயத்தில் ஓட்டை. ஓர் அறக்கட்டளை மூலம் அறுவை சிகிச்சைக்கு இடம் கிடைக்கப் பதினான்கு மாதம் காத்திருந்தார். அந்த வார வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள். மனைவி அத்திஜாவும், நான்கு வயதிலும் இரண்டு வயதிலுமாக இரண்டு பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள்.

ஞாயிறு மதியத்திலிருந்து அத்திஜாவின் போன் போகவில்லை. அக்கம்பக்கத்தார் யாருடையதும் போகவில்லை. நூர் முஹம்மது கூடத்து டி.வி.யில் சேனல் சேனலாக மாற்றிப் பார்த்தார். ஆங்கிலச் சேனல்களில் மயோட் வந்தது. சரிந்த தகரக் கூரைகளையும் பாரீஸிலிருந்து கிளம்பும் விமானங்களையும் காட்டினார்கள். தமிழ்ச் சேனல்களில் தாமிரபரணி வெள்ளம் வடிந்துகொண்டிருந்தது. மொசாம்பிக் என்ற பெயர் திரையின் அடியில் ஒரு வரியாக ஓடிப் போனது. திங்கட்கிழமை ஆங்கிலப் பேப்பரில் மயோட் செய்தியின் கடைசிப் பத்தியில், புயல் அதன்பின் ஆப்பிரிக்கக் கரையை நோக்கி நகர்ந்தது என்றிருந்தது. அமீஸே அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார்.

புதன் மாலைக்குள் தகவல் வராவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்புவதாக அவர் மருத்துவமனையில் சொல்லிவிட்டு வந்தார். அத்திஜா இல்லையென்றால் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் யாருமில்லை. அப்படிப் போனால் இந்த இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும், மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். மரியாமு இப்போதே மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறினாள்.

நூர் முஹம்மதுவின் மனைவி ஹாஜிரா பீ திங்கட்கிழமை மாலை துவரம்பருப்பு வாங்கப் போனார். சுயம்புலிங்கம் பருப்பு மொத்த வியாபாரி. தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஏரல்காரர், மயிலாப்பூருக்கு வந்து முப்பது வருஷமாகிறது. அடுத்த வாரம் துவரை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது, துவரை கப்பலில் வருகிற மொசாம்பிக்கில் புயல், மெகூஃபிப் பக்கம் கிடங்குகளுக்குக் கூரை இல்லை என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஹாஜிரா பீ பையைக் கல்லாமேல் வைத்துவிட்டு, பருப்பு வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினார்.

அரைமணி நேரத்தில் நூர் முஹம்மது அமீஸேயைக் கடைக்குக் கூட்டி வந்தார். சுயம்புலிங்கத்தின் போனில் பருப்பு வியாபாரிகளின் வாட்ஸப் குழு ஒன்று இருந்தது. மொசாம்பிக்கின் நகாலா துறைமுகம், உடைந்த பாலம், சாய்ந்த மாமரம், கூரை போன கிடங்கு என்று ஞாயிறு மதியத்திலிருந்தே அதில் படங்கள் வந்துகொண்டிருந்தன. அமீஸே ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கி, ஊர்ப் பெயர்களை வாய்விட்டுப் படித்தார். எந்தப் படத்திலும் ஆள் இல்லை.

"டி.வி.காரனுக்குத் தெரியல, பருப்புக் கடையில கீது" என்றார் நூர் முஹம்மது. "இன்னா உலகம் அண்ணாச்சி இது."

ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்காக நகாலாவில் துவரை கொள்முதல் செய்பவர் விஜயராகவன், தூத்துக்குடிக்காரர். சுயம்புலிங்கம் அவரை அழைத்து விஷயத்தைச் சொன்னார். விஜயராகவன் பொறுமையாகத்தான் பேசினார். அவருடைய குமாஸ்தாக்கள் இரண்டு பேருக்கே வீட்டிலிருந்து தகவல் இல்லை, பெட்ரோல் கிடைக்கவில்லை, இருப்பதைச் சரக்குப் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டுமே கொடுக்கச் சொல்லி உத்தரவு, ஒருவருக்கென்று ஆள் அனுப்பினால் எல்லோருக்கும் அனுப்ப வேண்டிவரும் என்றார். மெகூஃபிக் கிடங்குக்கு ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் போகிறான், முடிந்தால் விசாரிக்கச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

செவ்வாய் மதியம் அமீஸேயும் நூர் முஹம்மதுவும் கடையில் இருந்தபோது அந்த ஆளின் தகவல் வந்தது. கிடங்கின் கூரை போய்விட்டது, முந்நூறு மூட்டை நனைந்துவிட்டது, மீதியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. அவ்வளவுதான் இருந்தது. அமீஸேயின் வீடு கிடங்கிலிருந்து ஆறு கிலோமீட்டர்.

சுயம்புலிங்கம் அதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன வருஷம் டிசம்பரில் சென்னை வெள்ளத்தை எல்லாச் சேனலும் காட்டி முடித்த பிறகு ஏரலில் வெள்ளம் வந்தது. பாலம் போய், போன் போய், அவருடைய தங்கை இருக்கிறாளா என்று மூன்று நாள் தெரியாமல் இந்தக் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தார். அதை நூர் முஹம்மதுவிடம் சொல்லிவிட்டு, அமீஸேயை எதிரே ஸ்டூலில் உட்காரச் சொன்னார். வீட்டு அடையாளத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு விஜயராகவனை மறுபடி அழைத்தார்.

"தம்பி, அந்த மெகூஃபி வாத்தியார் வீட்டுல பதினெட்டு மூட்டைத் துவரை இருக்காம். பழைய சரக்கு, நனையலையாம். அவன் இங்க என் எதிர்லதான் உக்காந்திருக்கான், என்கிட்ட தாரேங்கான். நான் எடுத்துக்கிடுதேன். ஆனா சாம்பிள் பாக்காம எடுக்க மாட்டேன். உங்க ஆளு நேர்ல போய் மூட்டையப் பிரிச்சுப் பாக்கணும்."

நல்ல துவரைக்கு அந்த வாரம் எல்லோரும் அலைந்துகொண்டிருந்தார்கள். நாளைக் காலையே அனுப்புகிறேன் என்றார் விஜயராகவன்.

போனை வைத்ததும் நூர் முஹம்மது கேட்டார். "இன்னா அண்ணாச்சி, அவர் வீட்டுல ஏது மூட்டை?"

"இல்ல பாய்."

"சாமி படத்துக்குக் கீழ உக்காந்துகினு சொல்றீங்களே."

"மூட்டையத் தேடிப் போறவன் வீட்டுல ஆளு இருக்கான்னு பாக்காம வரமாட்டாம்லா."

அமீஸேவுக்குத் தமிழ் தெரியாது. என்ன நடந்தது என்று நூர் முஹம்மது தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பிறகு அந்தத் தாளைத் திருப்பி வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முந்திரி மரத்தையும் வரைந்து கொடுத்தார். சுயம்புலிங்கம் அதைப் படமெடுத்து விஜயராகவனுக்கு அனுப்பினார்.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு அமீஸேயின் பெட்டி மாடிப்படியின் கீழே தயாராக இருந்தது. ஹாஜிரா பீ வழிக்கு ரொட்டி சுட்டு வைத்திருந்தார். மரியாமு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்குள் மருத்துவமனைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஐந்தே முக்காலுக்குச் சுயம்புலிங்கம் செருப்பில்லாமல் கடையிலிருந்து வந்தார். போனைக் கூடத்து மேசையில் வைத்து, விஜயராகவனின் குரல்பதிவைச் சத்தமாக ஓடவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நினைக்கல. என் ஆளு ஆத்துத் தண்ணியில வண்டியத் தூக்கிட்டுப் போயிருக்கான். அங்க மூட்டையும் இல்ல, பருப்பும் இல்ல. கூரையே இல்ல. ஒரு முந்திரி மரத்தடியில அந்த வாத்தியார் சம்சாரமும் ரெண்டு புள்ளைகளும் உக்காந்திருக்காங்க. சாப்பிட ஏதாவது இருக்கான்னு இவன்கிட்டயே கேட்டிருக்காங்க. இதப் பாக்கவா என் பெட்ரோல்?"

நூர் முஹம்மதுவால் அதை ஆங்கிலத்தில் முழுக்கச் சொல்ல முடியவில்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், முந்திரி மரம் என்று மட்டும் சொன்னார். அமீஸே மரியாமுவைப் பெட்டியிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டு, மருத்துவமனைக்குப் போன் செய்தார்.

விஜயராகவன் அதன்பிறகு சுயம்புலிங்கத்துக்குச் சாம்பிள் அனுப்புவதில்லை. மெகூஃபிக்கு முதல் நிவாரண அரிசி லாரி எப்போது வந்தது என்று சுயம்புலிங்கத்தின் வாட்ஸப் குழுவில் யாரும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மரியாமுவை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். ஓட்டை அடைக்கப்பட்டது.