குள்ளிக்குச் சிவப்புச் சீட்டு

அந்தச் சோயா ஆராய்ச்சிப் பண்ணையில் வரிசைக்கு ஒரு ரகம்; சிவப்புச் சீட்டு விழுந்தால் அந்த ரகத்தின் கதை முடிந்தது. விதையெல்லாம் மதியமே தீவன மூட்டைக்குப் போய்விடும். குள்ளி என்று பேர் வாங்கிய நாற்பத்தேழாம் வரிசைக்கு அன்று காலை சீட்டு விழுந்தது. செடி முழங்காலைக்கூட எட்டவில்லை என்பதுதான் குற்றம்.

காய் எண்ணுகிறவளுக்கு மனசு ஆறவில்லை. நெட்டை வரிசையில் பத்துச் செடிக்கு நானூற்றிருபது காய். குள்ளியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் தராசில் வைத்தால் குள்ளியின் விதை ஒரு கைப்பிடி கூடுதல். அதெப்படி?

“என்ன அண்ணி, குட்டைக்குக் குட்டை வக்காலத்தா?” எதிர் பெஞ்சிலிருந்து நாத்தனார் சீண்டினாள். அவள் ஆள் ஒட்டடைக்குச்சி.

“பேசாம அந்த நெட்டைக் காயை உரி. உன் தலை மாதிரியே உள்ள ஒண்ணும் இருக்காது.”

இருவரும் உரித்தார்கள். நெட்டைக் காயில் இரண்டு விதை, பலவற்றில் ஒன்றே ஒன்று, சில வெறும் சப்பை. குள்ளியிலோ காய்க்குக் காய் மூன்று.

அண்ணிக்காரி குள்ளியின் விதைத் தட்டைத் தூக்கிக்கொண்டு, சீட்டுக் கட்டிய ஆராய்ச்சிக்காரியிடம் ஓடினாள். அவர் விதையைப் பார்க்கவில்லை. வேரோடு ஒரு செடியை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார்.

“முதல் காய் எங்க இருக்கு பாருங்க. நாலு விரல் உயரம். அறுக்கிற மெஷின் ஒரு சாணுக்கு மேலதான் வெட்டும். அடியில இருக்கிறதெல்லாம் மண்ணுக்கு.”

அவள் எண்ணிப் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்கு சாணுக்குக் கீழே. கைக்கு எட்டியது மெஷினுக்கு எட்டாது. இத்தனை நாள் கையால் பறித்தே எண்ணியவளுக்கு இது தோன்றவே இல்லை.

தட்டை வாங்க ஆராய்ச்சிக்காரி கை நீட்டினார். அவள் விடவில்லை.

“மேடம், இதையும் நெட்டையையும் கலந்தா? அந்த உயரமும் இந்த மூணு விதையும் ஒண்ணா வருமா?”

“வரலாம். அதோட சப்பையும் இதோட குள்ளமும் சேர்ந்தும் வரலாம்.”

“எங்க வீட்ல அப்படித்தான் மேடம்,” என்றாள் பின்னாலேயே வந்து நின்ற நாத்தனார். “பையனுக்கு அண்ணி உயரம், எங்க அண்ணன் மூளை.”

ஆராய்ச்சிக்காரி வாய்விட்டுச் சிரித்தார். சிவப்புச் சீட்டைக் கிழித்தார். ஒரு காகிதக் கவரையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். கவரின் மேல் ‘வைத்திருக்கக் காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது.

“நீங்களே எழுதுங்க.”

அதுவரை அவள் அங்கே எண்கள் மட்டுமே எழுதியிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக எழுதினாள்: மூன்று விதை. காய் தாழ்வு. கலந்தால் என்ன வரும், தெரியவில்லை.