இஷ்யூ இல்லை

சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசை முன் நின்றே பல வருஷங்களைக் கழித்தவள் அவள். தைத்து முடித்த சட்டை ஒவ்வொன்றும் அவள் கைக்கு வரும். காலர், கை, பட்டன், அடிமடிப்பு என்று தடவிப் பார்ப்பாள். தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் ஆரஞ்சு நிற அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, நோட்டில் ஆங்கிலத்தில் 'இஷ்யூ' என்று எழுதுவாள். குறை இல்லாவிட்டால் 'நோ இஷ்யூ'. எட்டாவதோடு பள்ளியை விட்டவளுக்கு அதை எழுதும்போது ஒரு தனி மிடுக்கு. ஸ்டோரிலும் அதே சொல்தான், வேறு பொருளில். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் கொண்டுபோய்க் காட்டினால்தான் புது ஊசி 'இஷ்யூ' ஆகும், அதாவது கைக்குக் கிடைக்கும். ஆக, அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் அவளுக்குத் தெரியும். மூன்றாவது ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை.

"செக்கர் அக்கா கண்ணுல படாம தப்பிக்க ஒரே வழிதான்டி இருக்கு, ஒழுங்கா தைக்கணும்" என்று தையல்காரிகள் சிரிப்பார்கள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் காலை, ஆறாவது மாடியில் கதவைத் திறந்து கால் வைத்தான். அங்கே லிஃப்ட் இல்லை. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வாய் ஓயாமல் பேசுவதால் 'சில்வண்டு' என்று அவளுக்குப் பெயர் வைத்ததே அவன்தான்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் கொழுந்தன் தொழிற்சாலை வாசலுக்கு வந்தான். கீழ்வீட்டில் அவன் குடும்பம், மாடியில் இவர்கள். வீடு மாமனார் காலத்தது. கையில் ஆங்கிலத்தில் டைப் அடித்த இரண்டு தாள் வைத்திருந்தான்.

"அண்ணி, வீட்டு வரிக்குப் பேரு மாத்தணும். இதுல ஒரு கையெழுத்து."

"இருங்க, படிச்சிட்டுப் போடறேன்."

கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை அவள். விரலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் போனாள். பாதிக்கு மேல் புரியவில்லை. கணவன் பெயர் இருந்தது, செத்த தேதி இருந்தது. அதற்கு அடுத்த வரியில் அவளுக்கு நன்றாகப் பழகிய சொல் ஒன்று இருந்தது.

"இஷ்யூ இல்லைன்னு போட்டிருக்கு" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

கொழுந்தன் அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தான். "ஆமா அண்ணி. ஒரு பிரச்சனையும் இல்லைன்னு அர்த்தம்."

மணி அடித்தது. போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

எட்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பின் தெரியாத ஒருவர் மாடியேறி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். வீட்டைக் கிரயம் பண்ணிவிட்டதாகவும், இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்றும் தன்மையாகவே சொன்னார். அவள் கீழே இறங்கினாள். கொழுந்தன் வீட்டில் இல்லை. ஓரகத்தி அடுப்பைப் பார்த்தபடியே, "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றாள்.

மகள் பதிவு அலுவலகத்துக்கு நடந்து நடந்து வீட்டுப் பத்திரங்களின் நகல் வாங்கினாள். அதை வக்கீல் படித்துச் சொன்னார். மாமனார் உயிலில் தெளிவாக எழுதியிருந்தார். மகன்கள் இருவருக்கும் பாதிப் பாதி. அவர்களுக்குப் பின் அவரவர் பிள்ளைகளுக்கு. ஒருவனுக்குப் பிள்ளை இல்லாவிட்டால் அவன் பங்கும் மற்றவனுக்கு.

"அந்த உறுதிமொழிப் பத்திரத்துல, உங்க வீட்டுக்காரர் பிள்ளை இல்லாம செத்துட்டார்னு நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்கம்மா."

"பிள்ளை இல்லைன்னா? நான் படிச்சேனே சார். இஷ்யூ இல்லைன்னுதான் இருந்துச்சு."

"சட்டத்துல இஷ்யூன்னா பிள்ளை."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகள் அந்தத் தாளை வாங்கினாள். அம்மாவின் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தாள். வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.

வழக்குப் போட்டபோது வக்கீல் ஒரு வழி சொன்னார். "படிக்கத் தெரியாது, காட்டின இடத்துல போட்டேன்னு சொல்லுங்க. கோர்ட்டுக்கு மனசு இரங்கும்." எழுதப் படிக்கத் தெரியும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே மிடுக்கு. ஆனாலும் மகளுக்காகக் கூண்டில் ஏறி அப்படியே சொன்னாள்.

வீட்டை வாங்கியவரின் வக்கீல் தொழிற்சாலையிலிருந்து வரவழைத்த நோட்டுகளை மேசைமேல் அடுக்கினார். எல்லாம் அவள் கையெழுத்து.

"இது யாரும்மா எழுதினது?"

"நான்தான்."

"படிக்கத் தெரியாதுன்னீங்க. இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"குறை."

"புருஷன் செத்ததைப் பத்தின பத்திரத்துல 'குறை இல்லை'ன்னா என்ன அர்த்தம்? யோசிக்கலையா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டைப் அடித்தவன் போட்டது, எனக்கும் ஆங்கிலம் தெரியாது என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். அன்று வாசலில் அவன் பார்த்த அந்த ஒரு நொடியை எந்தக் கோர்ட்டில் எடுத்துக் காட்ட முடியும்?

பொய் சொன்ன சாட்சி என்று தீர்ப்பில் எழுதினார்கள். நம்பி வாங்கியவரை வெளியேற்ற முடியாது; மகள் வேண்டுமானால் சித்தப்பாமேல் தனியாக வழக்குப் போடலாம். சித்தப்பா பெயரில் அதற்குள் ஒரு துரும்பும் இல்லை.

"நான் பொய் சொல்லாம, தெரிஞ்சதைத் தெரிஞ்ச மாதிரியே சொல்லியிருக்கணுமோ?" என்று திரும்பி வருகையில் கேட்டாள்.

"எதைச் சொல்லியிருந்தாலும் நான் இல்லாதவதான்மா" என்றாள் மகள். அந்த வாரம் முழுக்க அவள் மேசையில் குறையுள்ள சட்டைகள் நல்ல சட்டைகளோடு கலந்து போயின. மேற்பார்வையாளர் இரண்டு முறை கூப்பிட்டுக் கத்தினார்.

காலி செய்யும் நாளில் கட்டில், பாத்திரம், தையல் மிஷின் எல்லாம் இறங்கிவிட்டன. பீரோ மட்டும் மாடியில் நின்றது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தன் வீட்டுச் சாமான்களையும் ஏற்றிவிட்டுக் கீழே நின்றிருந்த கொழுந்தன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இரண்டு படி ஏறி வந்தான்.

"விடும்மா, சித்தப்பா பிடிக்கிறேன். பொம்பளைங்க ரெண்டு பேரால ஆகாது."

"நகருங்க" என்றாள் மகள். "பிறக்காத பிள்ளைக்கு ஏது சித்தப்பா?"

அவன் சுவரோடு ஒட்டி நின்றான். பீரோ படிக்கட்டு வளைவில் சிக்கிக்கொண்டது. அம்மாவும் மகளும் அதைப் படிமேலேயே சாய்த்துவைத்து, மூச்சு வாங்க, பீரோ கதவின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்கள்.