மூன்று மணி மேடு

"ஈரம் தானா வராது. எவனோ கதவத் தொறந்து போட்டிருக்கான்."

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே, கன்டெய்னர்களில் சரக்கு அடுக்கி அனுப்பும் ஒரு கிடங்கில் பதினான்கு வருடமாக மேற்பார்வையாளனாக இருக்கும் சிவப்பிரகாஷ் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. இங்கிருந்து போன பஞ்சு மூட்டையோ அவுரி இலையோ கடல் கடந்து பூஞ்சை பிடித்து இறங்கினால், அங்கிருந்து படங்கள் வரும். அவன் பெரிதாக்கிப் பார்ப்பான். எந்த மூலையில் கறை தொடங்கியது, எந்தப் பக்கம் பரவியது என்று பார்த்து, ஈரம் புகுந்த வழியைச் சொல்லிவிடுவான். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனால் கிடங்கில் அவனுக்கு ஒரு மரியாதை உண்டு.

அந்த மரியாதையைத்தான் போன கார்த்திகையில் அவன் வீட்டுக்கும் கொண்டு வந்தான். அவன் மனைவி இந்துமதி வீட்டின் பின்னறையில் கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறாள். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஊசியால் ஜரிகையும் மணியும் கோக்கிற வேலை. மழை மாதத்தில் அவர்கள் குடியிருக்கும் மில்லர்புரத்துக் காற்றுக்கு உப்பும் சேர்ந்துகொள்ள, ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் ஜரிகை கறுத்துப்போனது. இந்துமதி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சிவப்பிரகாஷ் ஒரு டீஹியூமிடிஃபயர் வாங்கி வந்தான். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கித் தொட்டியில் விடும் மெஷின், சின்ன பீரோ உயரம்.

அதை வைக்கிற முறையை அவனே வகுத்தான். சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். ஜன்னல் அடைத்திருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், கதவடியில் பழைய துணி செருகியிருக்க வேண்டும். ஈரப்பதத்தை ஐம்பத்திரண்டு சதவீதத்தில் வைத்தால் போதும், நாற்பதுக்கு இறக்கினால் மின்சாரம்தான் வீண். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வடிகட்டியைக் கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, தரை துடைக்கலாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினான்.

"கப்பல்ல ஏத்தப் போறீங்களா என்னை?" என்றாள் இந்துமதி. ஆனால் சொன்னபடி செய்தாள். மெஷின் வந்த முதல் வாரத்திலேயே அறையில் பழைய சாக்கு வாசனை போய்விட்டது.

மெஷினோடு ஒரு ஆப் வந்தது. அதைத் தன் ஃபோனில் போட்டுக்கொண்டான். அறையின் ஈரப்பதம் நாள் முழுக்க ஒரு கோடாக ஓடும். கிடங்கில் டீ குடிக்கும்போது அதை எடுத்துப் பார்ப்பது அவனுக்கு ஒரு சுகம். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று, ஐம்பத்திரண்டு. தன் வீட்டில் ஒரு அறையாவது தான் சொன்னபடி நடக்கிறது.

தை பிறந்து ஒரு வாரத்தில் கோட்டில் மேடு விழுந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு ஏறத் தொடங்கி, அரை மணியில் எழுபதைத் தொட்டு, நாலரைக்குள் பழைய இடத்துக்கு இறங்கியது. மறுநாளும் அதே மூன்று மணி. அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் மகளுக்கும் லீவு, வீட்டில் இருந்தார்கள். அன்று கோடு தரையாகக் கிடந்தது. திங்கட்கிழமை மறுபடி மேடு.

அவன் இந்துமதியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கிடங்கில் கறை கண்டால் முதலில் யாரிடமும் கேட்க மாட்டான். கேட்டால் ஆளாளுக்குக் கதை சொல்வார்கள். பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பார்த்தான். தொட்டி இப்போதெல்லாம் அவன் வரும்போது காலியாகத் துடைத்து இருந்தது. முன்பு சாயங்காலம் அவன்தான் அதை எடுத்துக் கொட்டுவான். மெஷினுக்கு முன்னால் கொடியில் தொங்கிய ஜாக்கெட்டுகள் உறை போட்டுப் பீரோவுக்குள் போயிருந்தன. கொடியில் இரண்டு ஹேங்கர்கள் சும்மா தொங்கின. இந்துமதியின் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. பாட்டு முணுமுணுத்தாள். பத்து வருடத்தில் அவள் முணுமுணுத்து அவன் கேட்டதில்லை.

ஒரு நாள் கோடு ஏறிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஃபோன் செய்தான்.

"என்னளா செய்யுத?"

"சும்மாதான். முன் அறையில படுத்திருக்கேன். கண்ணு சொக்குது."

அவள் குரலில் தூக்கம் இல்லை. மாடிப்படி ஏறி வந்தவளைப்போல மூச்சு வாங்கியது. அவன் ஃபோனை வைத்துவிட்டுக் கோட்டைப் பார்த்தான். அறுபத்தெட்டு.

மாடிப்படி என்று நினைத்ததும் பாண்டித்துரை நினைவுக்கு வந்தான். அவர்கள் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருப்பவன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், கல்யாணம் ஆகாதவன். காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வந்துவிடுவான். வந்ததும் குளிப்பான். எப்போது பார்த்தாலும் தலையில் தண்ணீர் சொட்ட நிற்பவன். போன பொங்கலுக்கு இந்துமதி கொடுத்த அதிரசத்தைத் தின்றுவிட்டு, "அக்கா கைக்குத் தங்கத்துல வளையல் போடணும்" என்றவன்.

சிவப்பிரகாஷ் கணக்குப் போட்டான். அடைத்த அறையில் ஒரு ஆள் இருந்தால் மூச்சிலும் வேர்வையிலும் ஈரம் ஐந்தாறு புள்ளி ஏறும். இரண்டு ஆள் என்றால் பத்துப் பன்னிரண்டு. இது பதினெட்டு. இரண்டு ஆளும் நனைந்த தலையும் என்றால் சரியாக வருகிறது. கணக்கு சரியாக வந்ததும் அவன் இன்னொரு முறை போட்டுப் பார்த்தான்.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பேச்சிமுத்து அவனோடு படித்தவன். அவனிடம் மெல்லக் கேட்டான்.

"ஒரு ரூம்லே. ஜன்னல் கதவெல்லாம் அடைச்சிருக்கு, மெஷின் ஓடுது. தெனமும் மூணு மணிக்கு ஈரம் ஏறுது. என்னவா இருக்கும்?"

"யாரு ரூம்?"

"ஒரு கஸ்டமரு."

"சரக்கு?"

"துணி."

"சரக்கே நனைஞ்சு வந்திருக்கும்லே. போன வருசம் காயாத பச்சப் பலகையில அடுக்கி அனுப்பிட்டு, நீ ஒரு மாசமா கதவு ரப்பரத் தடவிக்கிட்டு அலையலியா?"

"தெனமும் மூணு மணிக்கா சரக்கு நனையும்?"

"அப்ப கதவுதான்." பேச்சிமுத்து பீடியைத் தூக்கி எறிந்தான். "தெனமும் மூணு மணிக்கு எவனோ வாரான். கஸ்டமருக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். சிவப்பிரகாஷும் சிரித்தான். அதற்குப் பிறகு அன்று மாலைவரை அவன் எண்ணிய மூட்டைகளை எல்லாம் இன்னொருவன் திரும்ப எண்ண வேண்டியிருந்தது.

பதினெட்டாவது மேடு விழுந்த நாளில் அவன் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். உப்பளங்களுக்கு நடுவே நேராக ஓடும் துறைமுகச் சாலையில், எதிரே வந்த லாரிகள் எதையும் அவன் பார்க்கவில்லை. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தான். சொந்த வீட்டுக்கு நடந்து போவதைத் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் திரும்பிப் பார்த்தான்.

மாடிப்படியில் பாண்டித்துரை நின்றான். தோளில் துண்டு, தலையில் தண்ணீர்.

"என்ன அண்ணாச்சி, இந்நேரம்? உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"நீ எங்கன போற?"

"நான் எங்கன போக? துண்டு காயப்போட வந்தேன். முகமே சரியில்லயே. அக்காவக் கூப்பிடட்டா?"

சிவப்பிரகாஷ் தன் சாவியால் கதவைத் திறந்தான். முன் அறையில் யாரும் இல்லை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. கதவடியில் துணி செருகியிருந்தது, அவன் எழுதி ஒட்டியபடி. உள்ளே மெஷின் முனகிக்கொண்டிருந்தது. கைப்பிடியைத் திருகித் தள்ளினான்.

இந்துமதி மெஷினுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, அவிழ்த்த கூந்தலை அதன் காற்றில் விரித்துக் கோதிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு ஹேங்கர்களில் ஒன்றில் முழங்காலும் கையும் மூடுகிற கறுப்பு உடை தொங்கியது, ரப்பர்போல. இன்னொன்றில் ஒரு துண்டு. அறை முழுக்கக் குளோரின் வாசனை.

அவள் திடுக்கிடவில்லை. சீப்பைக் கீழே வைத்தாள்.

"நீச்சல் பழகுதேன்" என்றாள். "பைபாஸ் பக்கம் புதுசா ஒரு குளம் கட்டியிருக்காவல்லா, அங்கன. ஒன்றரைல இருந்து ரெண்டரை வரைக்கும் பொம்பளைங்களுக்கு மட்டும்."

"எங்கிட்டச் சொல்லல."

"சொன்னேன். போன ஆடியில. இந்த வயசுல தவளையாட்டம் யாருக்குக் காட்டப் போறன்னு கேட்டீங்க."

கேட்டது அவனுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் தான் கேட்கக்கூடியதுதான் என்று தெரிந்தது.

"சொல்லிக் கொடுக்குறது யாரு?"

"ரீனான்னு ஒரு பிள்ள. மணப்பாட்டுக்காரி."

"ஆம்பளைங்க யாரும் அங்கன..."

"உண்டு. கேட்டுல வாட்ச்மேன் தாத்தா. ஒரு கண்ணு தெரியாது. போய்ப் பாத்துட்டு வாங்க."

அவனுக்கு ஒரு நிமிடம் உடம்பு லேசானது. உடனே வேறொன்று ஏறியது. கடலை ஒட்டியே பிழைக்கும் அவனுக்கு நீந்தத் தெரியாது. அவள் சாத்தான்குளம் பக்கம் பனங்காட்டில் பிறந்தவள். தன்னை விட்டுவிட்டு அவள் எங்கோ ஒரு தண்ணீரில் மிதந்திருக்கிறாள்.

"பட்டு இருக்குற ரூம்ல ஈரத்த வைக்கலாமா?" என்றான். வேறு எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

"எல்லாத்தையும் உறை போட்டு பீரோல வச்சிட்டுத்தான் காயப்போடுதேன். மெஷின்ல நம்பர் இறங்கின பொறவுதான் வேலைக்கு வெளிய எடுப்பேன். மாடியில போட்டா ஊரு கேக்கும். குளிக்கிற ரூம்ல போட்டா மறுநாளும் காயாது. மெஷினுக்கு முன்னால ஒரு மணி நேரம், மொறுமொறுன்னு ஆயிரும்." அப்புறம்தான் அவள் புருவம் சுருங்கியது. "ஆமா, நீங்க இந்நேரம் எதுக்கு வந்தீங்க?"

அவன் ஃபோனை நீட்டினான். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தான்.

இந்துமதி வாங்கிக் கோட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இங்கேருங்க, இது மொத நாளு. மூக்குல தண்ணி ஏறி அழுதேன், அன்னைக்குத் தலை கொஞ்சந்தான் நனைஞ்சுது. இது மிதந்த நாளு. இது என்ன இவ்வளவு ஒசரம்? ஆங், அகலத்த முழுசா கடந்த நாளு! கரையேறாம அங்கனயே கெடந்தேன், ரீனா கைதட்டுனா." அவள் விரல் மேடுமேடாக ஏறி இறங்கியது. அவனுக்கு இருட்டாகத் தெரிந்த ஒவ்வொரு நாளும் அவளிடம் பெயரோடு இருந்தது. அந்தச் சிரிப்பை அவன் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றான். அதில் அவனுக்கு எங்கேயும் இடம் இல்லை.

கடைசி மேட்டில் அவள் விரல் நின்றது.

"அப்ப பதினெட்டு நாளா பாத்துக்கிட்டேதான் இருந்தீங்க."

அவன் ஃபோனுக்குக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"அன்னைக்கு ஃபோன் போட்டதும் இதுக்குத்தானா?"

"நீ படுத்திருக்கேன்னு பொய் சொன்ன."

"சொன்னேன். நீங்க என்னன்னு நினைச்சீங்க? எவன்னு நினைச்சீங்க?"

அந்த நேரம் பார்த்து மேலே யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் கேட்டது. சிவப்பிரகாஷின் கண் அவனையும் மீறிக் கூரைக்குப் போய் வந்தது. ஒரு நொடிதான். இந்துமதி அதைப் பார்த்துவிட்டாள்.

அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் ஃபோனை அவன் கையில் வைத்தாள். கூந்தலைச் சுருட்டிக் கொண்டை போட்டாள். இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"வெளிய போங்க" என்றாள். "கதவு தொறந்து கெடந்தா மெஷின் சும்மா ஓடும். நீங்கதான எழுதி ஒட்டியிருக்கீங்க."

அவன் வெளியே வந்தான். அவள் கதவைச் சாத்தினாள். கதவடித் துணியை அவள் உள்ளேயிருந்து காலால் நெருக்கிச் செருகுவது தெரிந்தது.

மறுநாள் காலை சாப்பாட்டுத் தூக்கை எப்போதும்போல வண்டியில் மாட்டினாள். மகளுக்குச் சடை போட்டாள், வேனில் ஏற்றினாள். இட்லிக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். அந்தப் பேச்சைத் தவிர எல்லாம் பேசினாள். கிளம்பும்போது அவன்தான் கேட்டான்.

"இன்னைக்கும் போவியா இந்து?"

"உங்க ஃபோனு சொல்லும்லா" என்றாள்.

அன்று கிடங்கில் அவுரி இலை ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு மணியிலிருந்தே அவன் கை பாக்கெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டே முக்காலுக்கு எடுத்துப் பார்த்தான். ஐம்பத்திரண்டு. மூன்று மணி. ஐம்பத்திரண்டு. மூன்று இருபதுக்கு ஒரு புள்ளி ஏறியதுபோல இருந்தது. வெயிலுக்குக் கையை மறைத்துப் பார்த்தான். இல்லை.

அவள் போகாமலே இருந்திருக்கலாம். போய்விட்டு ஈரத்தை வேறு எங்காவது போட்டிருக்கலாம். இன்னும் குளத்திலேயே கிடக்கலாம். வீட்டிலேயே இல்லாமல் சாத்தான்குளத்துப் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கலாம். தரையாகக் கிடந்த கோடு எதையும் சொல்லவில்லை. பதினெட்டு நாளும் அந்த மேட்டைப் பார்த்து வயிறு எரிந்தவன், இப்போது அது ஒரு விரல்கடையாவது எழும்பாதா என்று நின்றான்.

நான்கு மணிக்கு அவளுக்கு ஃபோன் செய்தான். அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தான்.

"ஏலே, மூட்டை எத்தனலே ஆச்சு?" என்று ஃபோர்க்லிஃப்டிலிருந்து பேச்சிமுத்து கத்தினான்.

சிவப்பிரகாஷுக்குத் தெரியவில்லை. காதில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.